உணவியல் பணிக்குப் புதிதாக வருவோர் ஆய்வுமுறையையும் புள்ளியியலையும் கற்பதற்கான வழி

உணவியல் முதுநிலைப் படிப்பின் இறுதியிலோ மருத்துவமனைப் பயிற்சியின் நடுவிலோ இருக்கும் மாணவர்கள் ஆய்வு தொடர்பாக என்னிடம் வரும்போது, பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: 'இதற்கு எந்தச் சோதனையைப் போட வேண்டும்?' அதற்குள் வினாநிரல் அச்சாகி, நூறு பேரிடம் நிரப்பப்பட்டு, எல்லாம் எக்செல் தாளில் ஏறியிருக்கும். நிரப்பிய தாள்களை எடுத்துப் பார்த்தால், 'ஒரு டம்ளர் பால்' என்று எழுதிய இடத்தில் அந்த டம்ளரின் கொள்ளளவு எங்கும் இருக்காது. எந்தச் சோதனையாலும் அந்தக் குறையை நிரப்ப முடியாது. பாடநூல்கள் புள்ளியியலைச் சூத்திரங்களிலிருந்து தொடங்குகின்றன. கேள்வி, அளவு, பதிவு, அதன்பின் கணக்கு என்ற வரிசையில் கற்பதே பணிக்கு உதவும் என்று நான் நம்புகிறேன். அந்த வரிசையிலேயே இந்தக் கட்டுரையையும் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

நீங்கள் பணிபுரியும் இடத்தில் நாள்தோறும் சொல்லும் ஓர் ஆலோசனையை எடுத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் பிரிவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இரத்தத்தில் பொட்டாசியம் கூடாமல் இருக்க, காய்கறியை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைக்கும்படி நோயாளிகளுக்குச் சொல்கிறோம். இதைத் துண்டுப் பிரசுரமாகக் கொடுத்தால் போதுமா, அல்லது வீட்டில் சமைப்பவரை வரவழைத்து அடுப்பில் செய்து காட்ட வேண்டுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்தை ஆய்வுக் கேள்வியாக மாற்றுவதற்கு ஐந்து விவரங்கள் தேவைப்படும்: யாருக்கு, என்ன செய்யப்படுகிறது, எதோடு ஒப்பிடப்படுகிறது, எந்த விளைவு அளக்கப்படுகிறது, எவ்வளவு காலத்தில். அப்போது கேள்வி இப்படி அமையும்: 'வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர்களில், சமையல் செய்துகாட்டப்பட்ட குடும்பங்களின் நோயாளிகளுக்கு, பிரசுரம் மட்டும் பெற்றவர்களைவிட, நான்காம் வார முடிவில் டயாலிசிஸுக்கு முந்தைய பொட்டாசிய அளவு குறைவாக இருக்கிறதா?'

இந்த வாக்கியத்தை எழுத ஒரு வாரம் ஆனாலும் அது வீணாகாது. 'டயாலிசிஸ் நோயாளிகளின் உணவுப் பழக்கம் குறித்த ஓர் ஆய்வு' போன்ற தலைப்புகள் பதிவேட்டில் நிறைய கிடக்கின்றன. அவற்றை முடித்தபின் யாருடைய ஆலோசனையும் மாறுவதில்லை, ஏனென்றால் அவற்றில் கேள்வியே இல்லை.

இரண்டாம் படி: ஒரே ஓர் ஆய்வை முழுமையாக வாசித்தல்

பத்து ஆய்வுச் சுருக்கங்களை மேலோட்டமாகப் படிப்பதைவிட, ஒரு கட்டுரையை அட்டவணைகளோடு முழுமையாக வாசிப்பது நல்லது. உணவியல் மாணவருக்கு நான் பரிந்துரைப்பது, ஜார்க்கண்டில் நடத்தப்பட்டு 2023 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த 'ரேஷன்ஸ்' என்ற காசநோய் ஆய்வு. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரின் குழு நடத்திய அந்த ஆய்வில், நுரையீரல் காசநோயாளிகள் 2,800 பேரின் வீடுகளில் வசித்த 10,345 பேர் சேர்க்கப்பட்டனர். நோயாளிகளுக்கு இரு தரப்பிலும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. ஒரு தரப்பில் மட்டும் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும், பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு என்ற கணக்கில், நுண்ணூட்டச் சத்து மாத்திரைகளோடு வழங்கப்பட்டது.

முடிவை உங்கள் கையாலேயே கணக்கிட்டுப் பாருங்கள். உணவு பெற்ற தரப்பின் 5,621 பேரில் 96 பேருக்கும், பெறாத தரப்பின் 4,724 பேரில் 122 பேருக்கும் காசநோய் வந்தது. முதலாவது 1.7 விழுக்காடு, இரண்டாவது 2.6 விழுக்காடு. இந்த இரண்டு எண்களிலிருந்து இரண்டு வகையாகப் பேசலாம். பின்தொடர்ந்த காலத்தையும் பிற வேறுபாடுகளையும் கணக்கில் எடுத்தபின், நோய் தாக்கும் வீதம் 39 விழுக்காடு குறைந்தது என்பது ஒப்பீட்டு அளவு. நூறு பேரில் ஒருவருக்கும் சற்றுக் குறைவானவர்களே நோயிலிருந்து காக்கப்பட்டார்கள் என்பது நேர் வித்தியாசம். 0.0258-இலிருந்து 0.0171-ஐக் கழித்து, வரும் விடையால் ஒன்றை வகுத்தால் ஏறக்குறைய 115 வரும். அதாவது ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க ஏறத்தாழ 115 பேருக்கு உணவு வழங்க வேண்டும். இரண்டுமே உண்மைதான். விளம்பரங்களும் செய்தித் தலைப்புகளும் முதலாவதை மட்டுமே சொல்லும். திட்டத்துக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்று பார்ப்பவருக்கோ இரண்டாவதுதான் தேவைப்படும்.

இதே நோயில் கேள்வி மாறினால் விடை எப்படி மாறுகிறது என்பதற்குச் சென்னையே சான்று. 1956-இல் அன்றைய மதராஸில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளிகளை வீட்டுச் சிகிச்சை, சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கும் மருத்துவமனையில்) சிகிச்சை என இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டது. வீட்டிலிருந்தவர்களின் உணவு தரத்தில் குறைவாக இருந்தும், மருந்தை ஒழுங்காக உட்கொண்டதால் அவர்களும் மற்றவர்களுக்கு இணையாகக் குணமடைந்தனர். ஏழை நாடுகளுக்கு அது பெரும் நன்மை செய்த ஆய்வு. ஆனால் 'மருந்து இருந்தால் குணமடைய உணவு பெரிய தடையல்ல' என்ற அந்த முடிவை 'காசநோய்க்கும் உணவுக்கும் தொடர்பில்லை' என்று நீட்டுவதற்கு அதில் இடமில்லை. குணமாவது ஒரு கேள்வி, நோய் வராமல் தடுப்பது வேறொரு கேள்வி. அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் ஜார்க்கண்டில் விடை தேடினார்கள்.

மூன்றாம் படி: ஆய்வு அமைப்பை அடையாளம் காணுதல்

ஒவ்வொருவரையும் ஒருமுறை மட்டும் அளந்து நிலவரம் சொல்வது குறுக்குவெட்டு ஆய்வு. தேசியக் குடும்ப நல ஆய்வு அந்த வகையைச் சேர்ந்தது. அதன் ஐந்தாம் சுற்றின்படி, 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் இந்திய அளவில் 57 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் 53.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. எத்தனை பேருக்கு என்பதை அது சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது. ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்வது தொடர் ஆய்வு. நோயுற்றவரையும் நோயற்றவரையும் எடுத்துக்கொண்டு அவர்களுடைய பழைய பழக்கத்தை விசாரிப்பது நோயாளி–ஒப்பீட்டாளர் ஆய்வு. யாருக்கு எது கிடைக்கும் என்பதைக் குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் தீர்மானிப்பது சமவாய்ப்புச் சோதனை.

கடைசி வகைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதைப் பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்விலிருந்து புரிந்துகொள்ளலாம். பீட்டா கரோட்டின் நிறைந்த காய் கனிகளை அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் காட்டியிருந்தன. எனவே, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சமவாய்ப்பில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வெளியானபோது, மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. காய் கனி அதிகம் உண்பவர் வேறு பல வகையிலும் மற்றவரிடமிருந்து வேறுபட்டவர். புகைபிடிப்பது, வருமானம், உடலுழைப்பு எல்லாம் அந்த உணவுப் பழக்கத்தோடு சேர்ந்தே மாறுகின்றன. இப்படி இடையில் புகும் காரணிகளைச் சமவாய்ப்புப் பிரிப்பு இரு தரப்பிலும் ஏறத்தாழச் சமமாக்கிவிடுகிறது. உண்ணும் காய் ஒன்று, அதிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரை வேறொன்று என்பதையும் உணவியலார் இந்த ஆய்விலிருந்து நினைவில் வைக்க வேண்டும்.

சமவாய்ப்பு என்ற சொல் கட்டுரையில் இருப்பதாலேயே அது சரியாக நடந்தது என்று பொருளல்ல. ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து மத்தியதரைக்கடல் உணவுமுறையைச் சோதித்த 'ப்ரெடிமெட்' ஆய்வு 2013-இல் வெளிவந்தது. சில இடங்களில் ஒரே வீட்டிலிருந்து இரண்டாவதாகச் சேர்ந்தவர்களைத் தனித்தனியே பிரிக்காமல் முதலில் சேர்ந்தவரின் குழுவிலேயே சேர்த்ததும், ஓரிடத்தில் சிற்றூர் மருத்துவ நிலையம் முழுவதையும் ஒரே குழுவாக்கியதும் பின்னர் தெரியவந்தன. 2018-இல் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்று, மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். வட்டாரம் வட்டாரமாகப் பிரிப்பது தவறன்று. ஜார்க்கண்ட் ஆய்விலும் 28 காசநோய் அலகுகளையே (காசநோய்த் திட்டத்தின் நிர்வாக வட்டாரங்களையே) பிரித்தார்கள். ஆனால் அவர்கள் அதை முன்கூட்டியே அறிவித்து, மாதிரி அளவையும் கணக்கையும் அதற்கேற்ப அமைத்திருந்தார்கள். உங்கள் டயாலிசிஸ் ஆய்விலும் இந்தச் சிக்கல் வரும். அடுத்தடுத்த கட்டிலில் நான்கு மணி நேரம் படுத்திருக்கும் இருவரில் ஒருவர் வீட்டுக்கு மட்டும் சமையல் செய்துகாட்டினால், மற்றவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். திங்கள் முறைக்கு வருபவர்களை ஒரு குழு, செவ்வாய் முறைக்கு வருபவர்களை மற்றொரு குழு என்று வைப்பதாக இருந்தால், அதைத் திட்டத்தில் எழுதிவிட்டு, தெரிந்த புள்ளியியலாளரிடம் கணக்கை மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டே குழுக்களைக் குலுக்கிப் போட்டால் அது சமவாய்ப்புச் சோதனை என்ற பெயருக்குத் தகாது என்று அவர் சொன்னால் வருந்தாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அளத்தல்

இந்தப் படியில்தான் நான் மாணவர்களை அதிக நாள் நிறுத்திவைப்பேன். 24 மணி நேர உணவு நினைவுகூரலுக்கு, அதாவது முந்தைய நாள் உண்டதையெல்லாம் கேட்டுப் பதிவதற்கு, போகும் முன், சமையலறைத் தராசு ஒன்றும் மில்லிலிட்டர் குறியிட்ட குவளை ஒன்றும் வாங்குங்கள். உங்கள் வீட்டு டம்ளர், குழிக்கரண்டி, கிண்ணம் ஆகியவற்றில் நீர் ஊற்றி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டு டம்ளர் 150 மில்லிலிட்டர் பிடிக்கும், இன்னொரு வீட்டினது 250 பிடிக்கும். ஆகவே அளவு தெரிந்த ஒரு தொகுதிப் பாத்திரங்களை எடுத்துச்சென்று, 'நேற்றுக் குடித்தது இதில் எவ்வளவு?' என்று கேட்பதே முறை.

சோறும் குழம்பும் வெந்த நிலையில் உண்ணப்படுகின்றன, உணவுச் சத்து அட்டவணையோ பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கே அளவு தருகிறது. அதனால் வீட்டில் மொத்தம் எவ்வளவு பருப்பு போட்டார்கள், வெந்தபின் சாம்பார் மொத்தம் எவ்வளவு வந்தது, அதில் இவர் பங்கு எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டுத்தான் பருப்பின் அளவுக்கு வர முடியும். 200 கிராம் பருப்பில் 2,000 மில்லிலிட்டர் சாம்பார் வந்து, ஒருவர் 150 மில்லிலிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தால், அவர் உண்டது 15 கிராம் பருப்பு. இதைக் கேட்காமல் 'ஒரு கிண்ணம் சாம்பார்' என்று எழுதியவரின் புரதக் கணக்கு முழுவதும் ஊகமாகிவிடும்.

சத்து அட்டவணைக்கு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாடெங்கிலுமிருந்து சேகரித்த 528 உணவுப் பொருள்களை ஆய்ந்து 2017-இல் வெளியிட்ட அட்டவணையைப் பயன்படுத்துங்கள். ஐதராபாத்தில் இன்று இருக்கும் அந்த நிறுவனம் 1918-இல் நம்முடைய குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய்ந்த ஒற்றை அறையில் தொடங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ஒருநாள் உணவு ஒருவரின் வழக்கத்தைக் காட்டாது. திங்கட்கிழமைத் தட்டும் ஞாயிற்றுக்கிழமைத் தட்டும் வேறு, விரத நாளும் விருந்து நாளும் வேறு. குழுவின் சராசரியை அறிய ஒருநாள் பதிவு ஓரளவு போதும். எத்தனை பேருக்குப் பற்றாக்குறை என்று சொல்வதற்கு, சிலரிடமாவது அடுத்தடுத்து வராத இரண்டாவது நாளும் பதிய வேண்டும். இங்கே ஒரு பொதுவான பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டும். பரிந்துரைக்கப்பட்ட அளவுக்குக் கீழே உண்பவர் எல்லாருக்கும் பற்றாக்குறை என்று பல மாணவர் ஆய்வுகள் எழுதுகின்றன. அந்த அளவு, ஏறத்தாழ எல்லாருடைய தேவையும் நிறைவேறும்படி உயர்த்தி வைக்கப்பட்டது. ஒரு குழுவில் எத்தனை பேருக்குப் போதவில்லை என்பதை மதிப்பிட, பாதிப் பேரின் தேவையை நிறைவேற்றும் சராசரித் தேவை அளவோடு ஒப்பிட வேண்டும். 2020-ஆம் ஆண்டு வெளியான இந்திய அளவுகளின்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குப் புரதத்தின் பரிந்துரை 45.7 கிராம், சராசரித் தேவை 36.3 கிராம். 40 கிராம் உண்ணும் பெண்களை எந்தப் பக்கம் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவே தலைகீழாகும்.

ஆய்வகச் சோதனையும் அளவுதான். இரத்த மாதிரியில் சிவப்பணுக்கள் சிதைந்துவிட்டால் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். டயாலிசிஸ் முறைகளுக்கிடையே நீண்ட இடைவெளி விட்ட நாளில் எடுத்த மாதிரியில் உண்மையாகவே உயர்ந்திருக்கும். எனவே எல்லாருக்கும் ஒரே இடைவெளிக்குப் பின், ஒரே ஆய்வகத்தில் எடுக்க வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

ஐந்தாம் படி: எத்தனை பேர், யார் அனுமதி

இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் ஆய்வுக்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு. திட்ட விலக்கத்தின் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் எண்ணின்) வர்க்கத்தை, நீங்கள் பொருட்படுத்தும் மிகக் குறைந்த வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுத்து, 16-ஆல் பெருக்கினால், ஒரு குழுவுக்குத் தேவையான எண்ணிக்கை கிடைக்கும். பொட்டாசியத்தின் திட்ட விலக்கம் லிட்டருக்கு 0.8 மில்லிமோல் என்றும், 0.5 குறைந்தால் அது மருத்துவ முறையில் பயனுள்ளது என்றும் வைத்துக்கொண்டால், 41 பேர் வேண்டும். ஐந்தில் ஒருவர் இடையில் விலகக்கூடும் என்றால் 52 பேர். உங்கள் பிரிவில் மொத்தமே முப்பது பேர்தான் என்றால், இன்னொரு மருத்துவமனையோடு சேருங்கள், அல்லது கேள்வியை மாற்றுங்கள். 0.5 என்பதைப் புள்ளியியலாளர் சொல்ல மாட்டார். அதைச் சிறுநீரக மருத்துவரும் நீங்களும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும்.

முதல் ஆளிடம் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே நிறுவன நெறிமுறைக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஒப்புதல் படிவம் நோயாளி பேசும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தை அருகிலிருந்து வாய்மொழியாக விளக்கிவிட்டுக் கைநாட்டு வாங்குவதை நான் ஒப்புதலாகக் கருதுவதில்லை. தலையீட்டு ஆய்வாக (ஆய்வாளரே ஒன்றைச் செய்து அதன் விளைவைப் பார்ப்பதாக) இருந்தால், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன் இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். அங்கு முதன்மை விளைவு எது என்று எழுதிவிடுவதால், பின்னால் நமக்குப் பிடித்த விளைவைத் தேர்ந்தெடுக்கும் ஆசையும் அடங்கும்.

ஆறாம் படி: பதிவுத்தாள்

ஒரு நபருக்கு ஒரு வரி, ஒரு விவரத்துக்கு ஒரு நிரல். பெயருக்குப் பதில் எண். '5.2 mmol' என்பதுபோல் எண்ணோடு அலகை ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். விடுபட்ட அளவைப் பூச்சியம் என்று எழுதாதீர்கள். மூலத்தாளைத் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

ஏழாம் படி: கணக்கு

முதலில் வரைபடம் போட்டுப் பாருங்கள். ஏழு நோயாளிகள் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் 3, 4, 4, 5, 5, 6, 29 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 8 நாட்கள், இடைநிலை அளவு (வரிசையின் நடுவில் நிற்கும் எண்) 5 நாட்கள். எட்டு நாட்களை ஒட்டித் தங்கியவர் ஒருவர்கூட இல்லை. தங்கும் நாட்கள், வைட்டமின் ஏ உட்கொள்ளல் போல ஒருபக்கம் நீண்டு சாயும் அளவுகளுக்கு இடைநிலை அளவைக் கொடுப்பதே நேர்மை.

அடுத்து நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மை அளவு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பதைக் காட்டும் வீச்சைப் பழகுங்கள். நூறு பெண்களில் 53 பேருக்கு இரத்தசோகை என்று கண்டால், 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 43 முதல் 63 வரை பரவும். நானூறு பேரில் அதே விகிதம் கிடைத்தால் 48 முதல் 58 வரை சுருங்கும். நான்கு மடங்கு உழைத்தால்தான் துல்லியம் இரண்டு மடங்காகும். பி மதிப்பைவிட இந்த இடைவெளியையே முதலில் பார்க்கும் பழக்கம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பி மதிப்பு 0.03 என்றால், உண்மையில் வித்தியாசமே இல்லாத நிலையில், இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன வித்தியாசம் தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று என்பதே பொருள். ஆலோசனை பலிக்கும் வாய்ப்பு 97 விழுக்காடு என்று அதற்குப் பொருள் இல்லை. இருபது சத்துகளைத் தனித்தனியே சோதித்தால், ஒன்றுமே இல்லாதபோதும் ஒன்று 0.05-க்குக் கீழே வரும் என்று எதிர்பார்க்கலாம்.

சோதனையைத் தேர்வது இதற்குப் பின்தான். அதே நபரின் முன்னும் பின்னும் என்றால் இணை டி சோதனை, இரு வேறு குழுக்கள் என்றால் சார்பற்ற டி சோதனை, ஆம்–இல்லை என்ற விடைகளுக்கு கை வர்க்கச் (chi-square) சோதனை, சாய்ந்த அளவுகளுக்கு மான்–விட்னி சோதனை. தொடக்கத்தில் இவை போதும். ஜமோவி, ஆர் ஆகிய புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் கட்டணமின்றிக் கிடைக்கும். குழந்தைகளின் எடை, உயர அளவுகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆந்த்ரோ மென்பொருள் இருக்கிறது.

இரண்டு பொறிகளை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். பொட்டாசியம் 5.5-க்கு மேல் இருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஆலோசனை கொடுத்து, அடுத்த மாதம் அளந்தால், ஆலோசனையே கொடுக்காவிட்டாலும் சராசரி குறைந்திருக்கும். எல்லாருடைய அளவும் நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது. ஏறியிருந்த நாளில் பிடித்தவர்களை மறுமுறை அளந்தால் பலர் தம் வழக்கமான இடத்துக்குத் திரும்பியிருப்பார்கள். எங்கள் சர்க்கரை நோய்ப் பிரிவின் வெற்றி என்று நான் ஒரு காலத்தில் பெருமையாகக் காட்டிய படங்களில் இதன் பங்கு எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒப்பீட்டுக் குழுவை நான் வைக்கவில்லை. இரண்டாவது பொறி, குழு இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் விடுவது. செய்துகாட்டிய குழுவில் முன்–பின் பி மதிப்பு 0.03, பிரசுரக் குழுவில் 0.08, ஆகவே செய்துகாட்டுவதே மேல் என்று எழுதுவது தவறு. இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தாலும் இப்படி வரக்கூடும். குழுக்களுக்கிடையிலான வித்தியாசத்தை நேரடியாகக் கணக்கிட்டு, அதற்கு நம்பிக்கை இடைவெளி கொடுக்க வேண்டும்.

எங்கே கற்பது

சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் ஆய்வுமுறையின் அடிப்படைகளை என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் பாடமாக நடத்தியிருக்கிறது. கணக்கில் பயம் உள்ளவர்கள் அங்கே தொடங்கலாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுச் சுருக்கங்கள் பல தமிழிலும் கிடைக்கின்றன. ஒரு முடிவை நோயாளிக்கு எப்படிச் சொல்வது என்பதற்கு அவை நல்ல முன்மாதிரி. உணவு சார்ந்து, தலையிடாமல் கவனித்துப் பதியும் ஆய்வை எழுதுவோருக்கு 'ஸ்ட்ரோப்–நட்' என்ற சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. ஆய்வு முடிந்தபின் அல்ல, திட்டம் எழுதும் நாளிலேயே அதை மேசையில் வையுங்கள். டம்ளரின் கொள்ளளவு போன்ற விடுபடல்கள் அப்போதே கண்ணில் படும்.

நான்கு வாரம் முடிந்து, இரு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று வந்தால், அதையும் இடைவெளியோடு முழுமையாக எழுதிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பின்பு, இரத்தம் கொடுத்த நோயாளிகளிடமும் அடுப்பருகே வந்து நின்ற அவர்களுடைய வீட்டாரிடமும், கண்டது என்ன என்பதை டயாலிசிஸ் நடக்கும் அந்த நான்கு மணி நேரத்திற்குள்ளேயே உட்கார்ந்து சொல்லுங்கள்.